செம்புத் தகட்டில் பெயின்ட் அடிக்காமல் நீல நிறம் கொண்டுவர முடியுமா?

முடியும். உப்பும் அம்மோனியா கரைசலும் இருந்தால் போதும். பூஜைச் செம்பைத் தேய்க்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்குமே, கிட்டத்தட்ட அதேதான் இதுவும். வெளியில் தானாக நடந்தால் வருடக்கணக்கில் ஆகும். நியூயார்க் சுதந்திர தேவி சிலை 1886-இல் நிறுவியபோது செம்பு நிறத்தில்தான் இருந்தது. முழுக்கப் பச்சையாக 1920 வாக்கில் ஆயிற்று. நாம் அதைச் சில நாட்களிலேயே வரவழைக்கிறோம்.

பாதி வேலை சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. என் முதல் தகட்டில் விரல் பட்ட இடமெல்லாம் நிறம் பிடிக்கவே இல்லை. கை எண்ணெய்தான் காரணம். இப்போது புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, நைசான உப்புத்தாளால் ஒருமுறை இழுத்து, சோப்பு போட்டுக் கழுவுகிறேன். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடு முழுக்கப் பரவினால் சரி. அப்புறம் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும்.

மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சின்னக் கிண்ணத்தில் அம்மோனியா வையுங்கள். தகட்டில் உப்புத் தண்ணீரைத் தெளித்து, மேலே கொஞ்சம் கல் உப்பும் தூவி, கிண்ணத்தைத் தொடாதபடி உயரத்தில் வைத்து மூடிவிடுங்கள். நிறத்தைக் கொடுப்பது ஆவிதான். ஒரு நாள் கழித்துத் திறந்தால் கருநீலமாக, ஈரமாக இருக்கும். உடனே துடைக்காதீர்கள். காயக் காயத்தான் அந்த அழகான நீலம் வெளியே வரும், கல் உப்பு கிடந்த இடங்களில் புள்ளிகளோடு. எனக்கு அந்தப் புள்ளிகள்தான் உயிர். பச்சைதான் வேண்டுமென்றால், உப்பு கலந்த வினிகரில் மரத்தூளை நனைத்து, தகட்டை அதில் புதைத்து வையுங்கள்.

ஒரே தடவையில் கனமாக ஏற்ற ஆசைப்பட வேண்டாம். அப்படிச் செய்த ஒரு தகடு எனக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மெல்லிசாக இரண்டு மூன்று முறை ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும். சில நாள் காயவிட்டு, நிறம் உதிராமல் காக்கும் நிறமில்லாத பூச்சான லாக்கர் ஸ்பிரேயை லேசாக அடியுங்கள். அடித்ததும் நிறம் சற்றுக் கருக்கும், அதனால் முதலில் ஒரு சின்னத் துண்டுத் தகட்டில் அடித்துப் பாருங்கள்.

அம்மோனியா கண்ணையும் மூச்சையும் தாக்கும். மொட்டை மாடியில், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுத்தான் திறக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர், பிளீச் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கலந்தால் விஷவாயு வரும். இந்தக் களிம்பும் நஞ்சு என்பதால் சாப்பிடும், குடிக்கும் பாத்திரம் எதிலும் இதைச் செய்யவே கூடாது.