துவைக்கப் போட்ட ஜீன்ஸில்

அன்புள்ள அக்காவுக்கு,

கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். மகனுக்கு 16 வயது, 11-ஆம் வகுப்பு. பத்து நாளைக்கு முன் துவைக்க எடுத்த அவன் ஜீன்ஸ் பாக்கெட்டில் சின்னதாக ஒரு பேனா மாதிரி இருந்தது. பென் டிரைவ் என்று நினைத்து அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் வெளுத்துவிட்டது. கஞ்சா எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் பென்னாம். “இங்க இது லீகல், எல்லாரும் பண்றாங்க” என்கிறான். என் கணவர் அறைந்துவிட்டார். பென்னையும் போனையும் வாங்கி வைத்துவிட்டோம். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி மூன்று மணி வரை அறையில் விளக்கு எரிகிறது, என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறான். எல்லாம் திமிர், கோயம்புத்தூரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். மருந்துக்கடையில் விற்கும் சிறுநீர் சோதனை கிட் வாங்கி வாராவாரம் பார்க்கலாமா? நாங்கள் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள், அந்தப் பயமும் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் கூடவே பாடம் எடுக்கும் தோழிகளிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்தது சாப்பாடு, தூக்கம், எரிச்சல் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரியைத்தான். தினமும் கஞ்சா இழுத்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் வருவது அச்சு அசலாக இதுதான். பசிக்காது, தூக்கம் பிடிக்காது, யார் பேசினாலும் கோபம் வரும். ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் தணியும். தூக்கம் சீராக இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். உங்கள் மகனுக்கு இது அதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அதுவாக இருந்தால், அவன் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது நிறுத்தியும் இருக்கிறான். அந்தக் கஷ்டத்தை அறைக்குள் ஒற்றை ஆளாக அனுபவித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத்தான் நாம் திமிர் பிடித்தவன் என்கிறோம்.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் என் பெரியவனின் ஜாமெட்ரி பாக்ஸில், வேப் பென்னில் மாட்டும் கஞ்சா எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன், பிள்ளைகள் ‘கார்ட்’ என்பார்கள். கட்டைவிரலின் ஒரு கணு அளவு கண்ணாடிக் குழாய், உள்ளே நல்லெண்ணெய் நிறத்தில் கெட்டியாக ஏதோ. மூக்கருகே வைத்தால் லேசாக மாம்பழ வாசனை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவனைக் கேட்ட முதல் கேள்வி, “இது வேற யாருக்குத் தெரியும்?” அப்புறம் எட்டு மாதம் அவன் என்னிடம் பொய்தான் சொன்னான். எல்லாம் ஓய்ந்தபின் ஒருநாள் காரில் வரும்போது சொன்னான்: “அம்மா, நீ அன்னைக்கு என்னப் பத்திக் கேக்கவே இல்ல.” அந்த வாக்கியம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் செய்தாய், யார் கொடுத்தது, எத்தனை நாளாக என்ற விசாரணையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். “அது உனக்கு என்ன பண்ணுது? அத இழுத்தா எது சரியாகுது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், நமக்கு அதுதான் கஷ்டம். என் மகன் சொன்ன பதில், “தூக்கம் வருது.” பரீட்சைக் கவலையில் ஒன்றரை வருடமாகத் தூங்காமல் கிடந்த பிள்ளை அவன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

கேட்பது என்றால் விட்டுக்கொடுப்பது என்று உங்கள் கணவர் நினைக்கலாம். வேண்டியதில்லை. இந்த வீட்டில் இது கூடாது என்பதை நீங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்லத்தான் வேண்டும். ஏன் கூடாது என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். நம் தலைமுறைக்குக் கஞ்சா என்றால் பொட்டலத்தில் வரும் இலை. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி சராசரியாக 4 சதவீதம்தான் இருந்தது. இந்தக் கார்ட்டுகளில் 70, 80, அதற்கு மேலும் இருக்கும். வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, நிஜம் எது பிரமை எது என்று பிரித்தறிய முடியாத மனநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால் 16 வயதில் ஆபத்து இன்னும் கூடுதல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கமோ அவர் பக்கமோ, ‘அவர் கொஞ்சம் ஒரு மாதிரி’ என்று சொல்லி கல்யாணப் பேச்சில் மறைக்கப்பட்ட ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். குடும்பத்தில் மனநோய் இருக்கும் பிள்ளைக்குக் கஞ்சா இன்னும் ஆபத்து. காதில் யாரோ பேசுகிறார்கள், எல்லோரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று அவன் சொன்னால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

‘லீகல்’ என்கிறானே, அதற்குப் பதில் இருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில் கடையில் விற்கிறார்கள், ஆனால் 21 வயது ஆனவர்களுக்கு. 16 வயதுப் பையனுக்கு உரிமம் உள்ள கடையில் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் அந்தக் கார்ட் யாரிடமிருந்தோ கைமாறி வந்தது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. 2019-லிருந்து 2020 பிப்ரவரிக்குள் இந்த நாட்டில் வேப் இழுத்து நுரையீரல் வெந்து 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தைக் கஞ்சாக் கார்ட்டுகளில் எண்ணெயைப் பெருக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இதைப் பயமுறுத்தும் குரலில் சொல்லாதீர்கள். அவனையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டு பயம் நியாயமானது. குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது, மாநிலம் அனுமதித்தது அங்கே செல்லாது. கஞ்சா வழக்கு மட்டுமில்லை, அதிகாரியிடம் வாயால் ஒப்புக்கொள்வதுகூடச் சிக்கலாகலாம். அவனுக்கு இது தெரிந்திருக்காது, அவன் நண்பர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு குடியேற்ற வக்கீலிடமும் பேசிவிடுங்கள்.

சோதனை கிட் வேண்டாம். அடிக்கடி எடுத்தவர்களின் சிறுநீரில் நிறுத்தியபின்னும் வாரக்கணக்கில் தெரியும். நிறுத்திய பிள்ளையைப் பொய்யன் ஆக்கிவிடும். வீட்டில் பெற்றோரே இப்படிச் சோதிப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதில் அவனுடைய டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். கொஞ்ச நேரம் உங்களை வெளியே இருக்கச் சொல்வார்கள். இருங்கள். நான் அன்று கதவுக்கு வெளியே கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், பதினைந்து நிமிடம் முடியவே இல்லை. உள்ளே அவர்கள் கேட்பது பெரும்பாலும் எளிய கேள்விகள்தான். போதையில் யாராவது ஓட்டிய காரில் ஏறியிருக்கிறாயா? மனதை ஆற்றிக்கொள்ள எடுக்கிறாயா? தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா? இவற்றுக்கு அவன் அம்மா முன்னால் உண்மை சொல்ல மாட்டான். கலிஃபோர்னியாவில் 12 வயதிலிருந்தே போதைப் பழக்கத்துக்கான ஆலோசனைக்குப் பிள்ளைகள் தாங்களே சம்மதம் தரலாம், அதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள். பள்ளியில் சொல்வதை டாக்டரைப் பார்த்தபின் யோசித்துக்கொள்ளலாம்.

காரைப் பற்றி இன்று ராத்திரியே பேசிவிடுங்கள். “எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து கூட்டிட்டுப் போறேன், அன்னைக்கு ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். அவன் கூப்பிட வேண்டுமானால் கையில் போன் இருக்க வேண்டுமே, அதைத் திருப்பிக் கொடுங்கள்.

கோயம்புத்தூர் யோசனையை மட்டும் உங்கள் கணவர் கைவிட வேண்டும். அங்கேயும் கஞ்சா கிடைக்கிறது. பிடிபட்டால் அங்குள்ள போதைப்பொருள் சட்டத்தில் வழக்கு. எழுபது வயதுப் பாட்டியால் என்ன செய்ய முடியும்? தூக்கம் வராமல் தவிக்கும் பிள்ளையை நண்பர்கள், பள்ளி, தன் அறை எல்லாவற்றிலிருந்தும் பிடுங்கி அனுப்பினால், என்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றுதான் அவனுக்குப் படும்.

அறைந்ததற்கு அப்பா மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நீண்ட பேச்சு எதுவும் வேண்டாம். “அடிச்சது தப்புப்பா” போதும்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தமிழ்ப் பள்ளித் தோழிகளில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரே ஒருவரிடம். நான் சொன்னபோது எதிரில் இருந்தவள் இட்லிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, “என் பொண்ணும்தான்” என்றாள்.

டாக்டரைப் பார்த்தபின் எழுதுங்கள். உங்கள் கணவருக்கு என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் அவரும் எழுதட்டும், தளத்தில் போடாமல் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா