பாட்டி பெயரா, 'பார்க்கலாம்' என்ற பதிலா?

கேள்வி: நான் மதுரைக்காரி. கிரேக்கரைக் காதலித்து மணந்து ஏதென்ஸில் இருக்கிறேன். இப்போது ஏழாம் மாதம், பெண் குழந்தை. முதல் பேத்திக்குத் தன் பெயரான பினெலோப்பியைத்தான் வைப்போம் என்று மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். புருஷனுக்காக இருபது வருஷம் தறி முன்னால் உட்கார்ந்திருந்தவளின் பெயர் என் மகளுக்கு எதற்கு? எனக்கு மாயா என்று வைக்க ஆசை. மாமியார் கேட்கும்போதெல்லாம் 'பார்க்கலாம்' என்று சொல்லிச் சமாளிக்கிறோம். என்ன செய்யட்டும்?

பதில்: மகளே, பெயர்ச் சண்டை எந்த வீட்டில்தான் இல்லை? எனக்கு உறுத்துவது அந்த 'பார்க்கலாம்'தான்.

நீ இளக்காரமாகச் சொல்கிற பினெலோப்பி யார் தெரியுமா? கிரேக்கக் காவியத்தில் வருகிறவள். அவள் புருஷன் ஒடிசியஸ் டிராய் போருக்குப் போய் இருபது வருஷமாகத் திரும்பவில்லை. அவர்கள் ஊரான இதாக்காவில் அவள் வீட்டுக்குள் 108 பேர் புகுந்து, ஆட்டையும் பன்றியையும் அறுத்துத் தின்றபடி, 'எங்களில் ஒருவனைக் கட்டிக்கொள்' என்று நெருக்குகிறார்கள். 'மாமனார் சாவுக்குப் போர்த்தக் கோடித்துணி நெய்கிறேன், முடியட்டும்' என்கிறாள். பகலில் நெய்ததை ராத்திரி பந்த வெளிச்சத்தில் பிரித்துப் போடுகிறாள். மூன்று வருஷம் இப்படியே ஓட்டினாள். நான்காம் வருஷம் வேலைக்காரி ஒருத்தி காட்டிக்கொடுத்த பிறகுதான் பிடிபட்டாள். கடைசியில் புருஷன் எதிரே வந்து நின்றபோதும் நம்பிவிடவில்லை. கட்டிலை வெளியே எடுத்துப் போடச் சொன்னாள். வேரோடு நின்ற ஒலிவ மரத்தையே காலாக வைத்து ஒடிசியஸ் தன் கையால் செய்த கட்டில் அது, நகர்த்த முடியாது. அவன் பதறிப்போய் அதைச் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டாள். சும்மா உட்கார்ந்திருந்தவளா இவள்?

அவள் தவணை சொன்னது வீட்டைச் சூறையாட வந்தவர்களிடம். நீ யாரிடம் சொல்கிறாய்? உன் புருஷனைப் பெற்றவளிடம்! ஞானஸ்நானத்தன்று பாதிரியார் கேட்க, ஞானத்தாய் 'மாயா' என்று சொல்வாள். சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பாட்டி முகத்தைப் பார்க்கும். அதைவிட இப்போதே 'மாட்டோம்' என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

சரி, மாயா. அதுவும் கிரேக்கப் புராணப் பெயர்தான். தேவர்களின் தூதனான ஹெர்மீஸின் தாய். மனைவி ஹீரா தூங்கும் நேரமாகப் பார்த்து தேவர்களின் அரசன் ஸ்யூஸ் இவள் குகைக்கு வந்து போனதில் பிள்ளை பெற்றவள். கதையைப் பார்த்துத்தான் பெயர் வைப்பது என்றால் உன் கட்சி நிற்காது.

பினெலோப்பி பழைய பெயர் என்று நினைத்தாலும் தப்பு. 2018 முதல் 2020 வரை உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர் ஏதென்ஸில் பிறந்த ஒரு பினெலோப்பி, கோல்ட்பெர்க் அம்மையார். ஸ்பெயின் நடிகை க்ரூஸை உனக்கே தெரியும். கூப்பிடத்தான் நீளம் என்றால் கிரேக்கர்கள் 'போப்பி' என்று சுருக்கிவிடுகிறார்கள்.

என் கட்சி பாட்டி பெயர்தான், ஒளிக்கவில்லை. தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது மதுரையில் மட்டும் இல்லாத வழக்கமா? பதிவில் பினெலோப்பி இருக்கட்டும், வீட்டில் மாயா என்று கொஞ்சு. அடுத்த பெண் பிறந்தால் உன் அம்மா பெயரை வைக்கலாம், அதுவும் அந்த ஊர் வழக்கம்தான். இதெல்லாம் முடியவே முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடு, இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போதே.

அப்புறம், கடிதம் முழுக்க உன் புருஷனுக்கு என்ன பெயர் பிடிக்கும் என்று ஒரு வரி இல்லையே. அவன் அம்மாவிடம் அவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.