பெர்லினில் டெக்னிக்கல் ரைட்டர் வேலை: துறை ஆட்களோடு பழகுவது எப்படி?

வேலைக்காக பெர்லின் போகிறீர்கள், புது அலுவலகத்தில் நீங்கள் ஒருவர்தான் டெக்னிக்கல் ரைட்டர், சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் ஆவணங்கள் எழுதுபவர் என்றால் முதலில் ‘ரைட் த டாக்ஸ்’ குழுமம். 2013இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் மாநாடாகத் தொடங்கியது. இன்று அதன் ஸ்லாக் என்ற இணைய அரட்டைத் தளத்தில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சேரக் கட்டணம் கிடையாது.

சேர்ந்ததுமே வேலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேச உதவும் இடைமுகம்) ஆவணத்தில் எங்கே சிக்கினீர்கள், என்னென்ன முயன்று பார்த்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த கேள்வி வந்தால் பதில் சொல்லுங்கள். பெயர் அப்படித்தான் மனதில் நிற்கும், அறிமுகம் தானாக வரும்.

அடுத்தது டெகோம். டெக்னிக்கல் ரைட்டர்களுக்காக 1978இல் தொடங்கிய ஜெர்மன் சங்கம், ஸ்டுட்கார்ட்டில் ஆண்டு மாநாடு நடத்துகிறது. ஐரோப்பியச் சட்டப்படி இயந்திரங்களோடு அந்தந்த நாட்டு மொழியில் கையேடு தர வேண்டும். அதனால் இந்தச் சங்கத்தில் இயந்திரக் கையேடு எழுதுவோர் நிறைய. வட்டாரக் கூட்டங்களில் ஜெர்மன் அதிகம் புழங்கும், மொழியை இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

பழைய கட்டுரைகள் எஸ்டிசி (சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன்) என்ற சங்கத்தில் சேரச் சொல்லும். அந்த அமெரிக்கச் சங்கம் 2025 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது.