'டக்' என்று அழைத்தால் கோபித்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவள். ஏழு மாதங்களாக இங்கிலாந்தின் டார்பி நகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். என் வார்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், காலையில் நான் மாத்திரை கொண்டுபோகும்போதெல்லாம் 'ஏ அப் மி டுக்' என்பார். அது 'டக்', அதாவது வாத்து என்று என்னைப் போலவே புதிதாக வந்திருக்கும் தோழி சொன்னதும் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. 'என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்' என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அன்று முதல் அவர் 'நர்ஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நான் செய்தது சரிதானா? அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? நானும் அதைச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவர் உங்களை இழிவாக எதுவும் சொல்லவில்லை. உங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி, முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்து 'வா கண்ணு' என்பாளே, ஏறக்குறைய அதைத்தான் அவர் தம் ஊர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உங்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. தமிழ்க் காதுக்கு அந்த வாக்கியத்தின் தொடக்கமே 'ஏய்' என்று அதட்டுவதுபோல் கேட்கிறது. அதைத் தொடர்ந்து வாத்து வருகிறது. நம்மிடம் கிளியும் குயிலும் மயிலும் கொஞ்சலுக்கு உரியவை. வாத்துக்கோ 'வாத்து மடையன்' என்ற வசவில்தான் இடம் கிடைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, ரன் எடுக்காமல் வெளியேறும் மட்டையாளரைத்தான் நாம் 'டக் அவுட்' என்போம். அந்த டக்கும் முட்டையிலிருந்து வந்ததுதான்: பூஜ்யத்தின் வடிவம் வாத்து முட்டையை ஒத்திருப்பதால் கிரிக்கெட்டில் அந்தப் பெயர் நிலைத்தது. நம் பள்ளிக்கூடங்களில் 'கணக்கில் முட்டை வாங்கினான்' என்பதும் அதே கணக்குத்தான். இத்தனையும் மனத்தில் இருக்கும் ஒருவருக்கு, நோயாளியின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது சுருக்கென்று தைக்காமல் இருக்குமா?

இப்போது சொல்லைப் பார்ப்போம். 'ஏ அப்' என்பது அதட்டல் அன்று. 'வாங்க, சௌக்கியமா' என்று முகமன் கூறுவதைப் போன்றது. 'மி' என்பது 'என்னுடைய' என்ற சொல்லின் வட்டார ஒலிப்பு. 'டக்' என்பதை அப்பகுதி மக்கள் 'புக்' என்பதில் வரும் உகர ஒலியோடு சொல்வதால்தான் உங்கள் காதில் 'டுக்' என்று விழுந்திருக்கிறது. டார்பிஷர், நாட்டிங்ஹாம்ஷர், லெஸ்டர்ஷர் ஆகிய மாவட்டங்களிலும், மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டோக்-ஆன்-டிரென்டிலும் இன்றும் புழக்கத்தில் இருக்கும் விளி இது. பிற பகுதியினருக்கு இது பழங்காலத்துச் சொல்லாகத் தோன்றலாம். இந்த ஊர்களில் பேருந்திலும் கடையிலும் காதில் விழும் அன்றாடப் பேச்சு.

சொல்லின் வயதும் சிறியதன்று. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' 1600ஆம் ஆண்டு அச்சேறியது. அதன் கடைசி அங்கத்தில், காதலனாக வேடமிட்டு நடிக்கும் நெசவாளி பாட்டம், காதலியின் இரத்தக்கறை படிந்த மேலாடையைக் கண்டு, 'ஐயோ என் அழகு வாத்தே, என் அன்பே' என்ற பொருள்பட அலறுகிறான். அந்தக் காட்சி சிரிப்புக்காக எழுதப்பட்டதுதான். ஆயினும் காதலியை அப்படி விளிப்பது அன்றைய பார்வையாளர்களுக்குப் புரியாத வழக்காக இருந்திருந்தால் அந்தச் சிரிப்பே பிறந்திருக்காது. காதலர்களுக்கு இடையே கொஞ்சலாக வழங்கிய சொல், காலப்போக்கில் சூடு தணிந்து, இந்த வட்டாரத்தில் யாரும் யாரையும் அழைக்கும் பொது விளியாகிவிட்டது. 'ராசா', 'தங்கம்' ஆகியவை நம் சந்தைக்காரப் பெண்களின் வாயில் பொது விளியாகியிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

'இது பறவையே இல்லை, பிரபுவைக் குறிக்கும் டியூக் என்ற சொல்லின் திரிபு, பண்டைய சாக்சன்கள் வழங்கிய மரியாதைச் சொல்' என்று உங்களிடம் யாராவது பெருமையாகச் சொல்லக்கூடும். நம்பிவிடாதீர்கள். டியூக் என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கொஞ்சல் விளியாக 'டக்' எழுத்தில் தென்படுவதோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இரண்டையும் இணைக்கச் சான்று கிடையாது. வாத்தை ஏன் மறைக்க வேண்டும்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெண்களைப் 'பெட்டைக்கோழி' என்ற பொருள்படும் 'ஹென்' என்ற சொல்லால் அன்பாக விளிப்பார்கள். இங்கிலாந்தின் வடமேற்கில் வழங்கும் 'சக்' என்பதும் கோழிக்குஞ்சோடு தொடர்புடையதே. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தின் நாயகன் மேக்பெத் தன் மனைவியை அப்படித்தான் விளிக்கிறான். வீட்டு முற்றத்தில் கண்ணெதிரே மேய்ந்த பறவைகளின் பெயரால் அந்த மக்கள் தங்களுக்குப் பிரியமானவர்களை அழைத்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஸ்டோக்கில் ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோல் கல்லில் வார்த்து விற்கும் சிறு கடையொன்றின் வரிசையில் காத்து நின்றேன். எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர், சீருடையில் ஒரு பள்ளிச் சிறுமி, கைத்தடி ஊன்றிய ஒரு முதியவர். கல்லருகே நின்ற அம்மாள் பாலாடைக்கட்டியைத் தூவி மடித்துக்கொண்டே மூவரிடமும் ஒரே குரலில் 'அடுத்து என்ன, டக்?' என்று கேட்டார். என் முறை வந்தபோது, என் நிறத்தையும் சேலையையும் பார்த்த பிறகும் அந்தக் குரல் மாறவில்லை. அந்தக் கணத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. வெளியூர்க்காரி என்று ஒதுக்கி 'மேடம்' என்று கூப்பிடாமல், வரிசையில் நின்ற நான்காவது ஆளாக மட்டுமே அவர் என்னைக் கண்டார். அந்த ஊர்களில் ஆண்கள் ஆண்களையும் இப்படியே அழைத்துக்கொள்வார்கள். ஆகவே, பெண் என்பதால் உங்களிடம் உரிமை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கவும் இடமில்லை.

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த அன்புச் சொல்லையும் வாயடைக்கப் பயன்படுத்த முடியும். கூட்டத்தில் நீங்கள் ஒரு கருத்தைச் சொல்லும்போது, மேலதிகாரி ஒருவர் 'அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், டக்' என்று உங்களை நகர்த்திவிட்டால் அது வேறு விஷயம். அங்கே சொல்லை விட்டுவிட்டு, அவர் செய்ததைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மாத்திரைக்காகக் கை நீட்டும் முதியவரின் காலை வணக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நீங்கள் அதைச் சொல்லலாமா? நோயாளிகளிடம் நீங்களாகத் தொடங்காதீர்கள். எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, அதன்படி அழைப்பதே செவிலியருக்கு அழகு. அந்த ஊரிலும், தம்மைத் 'திருமதி இன்னார்' என்று மட்டுமே கூப்பிட வேண்டுமென எதிர்பார்க்கும் மூதாட்டிகள் இருக்கக்கூடும். நோயாளியின் குறிப்பேட்டிலும் அலுவல் கடிதத்திலும் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. உடன் பணிபுரிவோரிடம் பேசும்போது என்றைக்காவது அது தானாக உங்கள் வாயில் வந்தால் வரட்டும். ஊர்ப் பேச்சை வலிந்து பேசினால் உள்ளூர்க்காரருக்கு உடனே தெரிந்துவிடும். சென்னைக்காரர் ஒருவர் முயன்று 'ஏனுங்க' என்றால் உங்களுக்குத் தெரியாதா?

பெயர் சொல்லிக் கூப்பிடக் கேட்டது உங்கள் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் அதன் பிறகு அவர் சுருங்கிப் போனதும், அதை நீங்கள் கவனித்து எனக்கு எழுதும் அளவுக்கு வருந்தியிருப்பதும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. நாளைக் காலை மாத்திரைத் தட்டோடு போகும்போது, 'அன்று அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துகொண்டேன்' என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அதற்கு ஈடாகக் 'கண்ணு' என்பார்கள், அதன் நேர்ப்பொருள் கண் என்றும் சொல்லுங்கள். மனிதரைக் கண் என்று அழைப்பதா என்று அவர் வியந்தால், வாத்தை நினைவூட்டுங்கள்.