மாவு எங்கே ஆட்டுவது என்று கேட்ட பெண்ணுக்கு என்ன படிப்பு?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சனிக்கிழமை மகளின் மேல்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க வந்தீர்கள். ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்படும் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் கேட்டீர்கள். "அஞ்சு வருசம் படிச்சி முடிச்சி இவ பில்டருக்குத்தான படம் வரஞ்சி குடுக்கப் போறா? நர்சிங் சேத்தா நாலு வருசத்துல சம்பளம் வருமே." அடுத்த ஆள் காத்திருந்ததால் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பயப்படுவதில் பாதி சரி. மும்பையில் ஆர்க்கிடெக்சர் முடிக்கிறவர்களில் நிறையப் பேர் டவர் கட்டுகிறவர்களிடம்தான் போகிறார்கள். முதல் சில வருடங்களுக்குச் சம்பளமும் சாஃப்ட்வேர் பக்கம் வராது. இதை மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவள் என்னிடம் கேட்டது வேறு. "புது பில்டிங் குடுத்தா அதுல மாவு எங்க சார் ஆட்டுறது?" இத்தனை வருடத்தில் "எனக்கு க்ரியேட்டிவா பண்ணணும்" என்று சொன்ன பிள்ளைகள் நூறு பேராவது என் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இப்படிக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

தாராவியில் உங்கள் கோலியையே, அந்த ஒற்றை அறை வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கிரைண்டர், கழுவுகிற மோரி, அடுப்பு. ஏணி ஏறினால் மேல்தட்டு, அதான் மாலாவில் படுக்கை. விடியுமுன் இட்லி வெந்து, சைக்கிள்காரர்கள் சந்துக்கே வந்து அலுமினியக் குண்டானில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீடு, பட்டறை, கடை மூன்றும் ஒன்றுதான். இனி குடிசைக்குப் பதிலாக எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்தில் கொடுக்கும் மாடி வீட்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் 225 சதுர அடி கொடுத்தார்கள், அப்புறம் 269, இப்போது 300. தாராவிக்கு 350 என்று சொல்லியிருக்கிறார்கள். அளவு கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஹால், படுக்கை, சமையல் மேடை, கக்கூஸ் என்று பிரித்த படத்தில் உங்கள் கிரைண்டரை எங்கே வைப்பீர்கள்? பன்னிரண்டாவது மாடியிலிருந்து அந்த நேரத்தில் குண்டானை இறக்க லிஃப்ட் ஓட வேண்டும், அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் காசும் கட்ட வேண்டும். படம் போட்டவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் யாரும் மாவு ஆட்டி விற்றதில்லை, அவ்வளவுதான்.

இது பிழைப்பு. உயிர் சம்பந்தப்பட்டதும் உண்டு. கோவண்டி, மான்குர்த் பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் கேள்விப்பட்டிருப்பீர்கள், நம் ஆட்களே சிலர் அங்கே இருக்கிறார்கள். குடிசைகளிலிருந்து மாற்றியவர்களுக்காக, ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருக்கிக் கட்டிய மாடிக் கட்டிடங்கள். 2018-ல் டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் ஐ.ஐ.டி. பம்பாயும் அங்கே ஆய்வு செய்தபோது, வெயிலும் காற்றும் வராத கீழ் மாடி வீடுகளில் காசநோய் கூடுதலாக இருப்பது தெரிந்தது. ஓட்டையில்லாத கூரையும் தனிக் கக்கூஸும் கொடுத்தாயிற்று, வெளிச்சத்தைக் கொடுக்கவில்லை.

இதில் அவளுக்கு நான் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் அதற்கு உட்பட்டுத்தான் வரைவார். யாருக்கு வீடு என்பதோ அதற்கும் முந்தியே, சர்வே பட்டியலில் முடிந்துவிடுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்ததற்குக் காகிதம் உண்டா, இருப்பது தரைத்தளமா மாலாவா என்றெல்லாம் கேட்பது உங்களுக்குத் தெரியாததா! பட்டியலும் விதியும் போடுகிற இடம் நகரத் திட்டமிடல். அது தனிப் படிப்பு: பி.பிளானிங், நாலு வருடம். கட்டிடம் வரைவது பி.ஆர்க்., ஐந்து வருடம்.

ஜோக்கின் அற்புதத்தை நீங்கள் கேள்விப்படாமல் இருக்க முடியாது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர், தச்சு வேலை செய்தவர். அவர் இருந்த ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியை 1976-ல் இடித்து, அத்தனை சனத்தையும் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அப்புறமும் அவர் விடவில்லை. குடிசைக்காரர்களே தங்கள் வீடுகளை எண்ணிக் கணக்கெடுத்து அதிகாரிகள் மேஜையில் வைக்க வேண்டும் என்பது அவர் வழி. 1986-ல் பைகுல்லா நடைபாதையில் இருந்த பெண்கள், தங்களுக்கு எப்படி வீடு வேண்டும் என்று முழு அளவு மாதிரியே செய்து காட்டினார்கள். 14 அடி உயரம், உள்ளே பாதி மாலா. உங்கள் வீடு மாதிரியே இல்லையா?

"அவர் படிக்காமலே செய்தாரே, அப்புறம் எதற்கு டிகிரி" என்று கேட்பீர்கள். அந்த மாதிரியைப் படமாக்கிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். 1972 சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். மாநகராட்சியில் திட்டம் போடும் நாற்காலிக்கும் பட்டம் இல்லாமல் உட்கார முடியாது. இதுவரை அந்தப் பெண்கள் வேறு யாரையாவது நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது.

சரி, காரியத்துக்கு வருவோம். பி.ஆர்க்.குக்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு அல்லது ஜே.இ.இ. மெயின் பேப்பர் 2ஏ. பிளானிங்குக்கு அதே ஜே.இ.இ.யில் 2பி. இரண்டுக்கும் கணிதம் கட்டாயம், பி.ஆர்க்.குக்கு இயற்பியலும் வேண்டும். அவளுக்கு இரண்டும் இருக்கிறது. நாட்டா, 2ஏ, 2பி மூன்றையும் எழுதட்டும். ஓவியத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் கோச்சிங் இப்போதைக்கு வேண்டாம், தினமும் சந்தில் உட்கார்ந்து கண்ணில் பட்டதை வரையச் சொல்லுங்கள்.

முதல் குறி ஜே.ஜே. ஆர்க்கிடெக்சர் கல்லூரி. சயானில் ஏறினால் ஒரே ரயில், வி.டி. ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம் (பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் நமக்கு அது வி.டி.தான்). ஹாஸ்டல் செலவு இல்லை. வெளியூர் என்றால் டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் எஸ்.பி.ஏ.க்கள், மத்திய அரசின் திட்டமிடல், கட்டிடக்கலைக் கல்லூரிகள். திருச்சி என்.ஐ.டி. பற்றிக் கேட்டீர்கள். சொந்த ஊர் திருநெல்வேலி என்பதற்காக மட்டும் அங்கே உள்ளூர் ஒதுக்கீடு கிடைத்துவிடாது. பன்னிரண்டாவது எந்த மாநிலத்தில் எழுதுகிறாளோ அதுதான் கணக்கு. அவளுக்கு உள்ளூர் என்.ஐ.டி. நாக்பூர்.

சாதிச் சான்றில்தான் நம் ஆட்கள் கடைசி நேரத்தில் தடுமாறுகிறார்கள். மகாராஷ்டிரா ஒதுக்கீட்டுக்கு, எஸ்.சி. என்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால், ஓ.பி.சி. என்றால் 1967 அக்டோபர் 13-க்கு முன்னால் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். உங்கள் அப்பா எந்த வருடம் வந்தார்? பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, தோல் பட்டறைச் சீட்டு எதுவானாலும் தேடி எடுங்கள். இல்லையென்றால் மாநிலக் கல்லூரிகளில் பொதுப் பிரிவுதான். மத்தியக் கல்லூரிகளில் உங்கள் ஊர்ச் சான்றை வைத்து வாங்கும் சான்று செல்லும். இதை இந்த மாதமே ஆரம்பிக்க வேண்டும், ஜூனில் ஓடினால் கிடைக்காது.

அரசுக் கல்லூரியில் பி.ஆர்க். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கிடைக்காவிட்டால் டொனேஷன் கொடுத்துத் தனியாரில் சேர்க்காதீர்கள், கடன் வாங்கியாவது என்று நினைக்கவே வேண்டாம். அந்தக் கடனை அடைக்கத்தான் அவள் நீங்கள் பயப்படுகிற அதே பில்டரிடம் போய் நிற்பாள். அதைவிட அரசுக் கல்லூரியில் பி.பிளானிங் எவ்வளவோ மேல். பி.ஆர்க்.கில் கல்விக் கட்டணம் தவிர ஷீட், மாடல், பிரிண்ட் என்று கை கடிக்கும், இரண்டாம் வருடத்துக்குள் ஒரு நல்ல லேப்டாப்பும் வேண்டும். சீட்டுக் கட்டுகிறீர்களே, அதை இதற்கென்று ஒதுக்குங்கள்.

வேலை? மாநகராட்சியிலும், எம்.எம்.ஆர்.டி.ஏ., மாடா (எம்.எச்.ஏ.டி.ஏ.), சிட்கோ போன்ற நகர வளர்ச்சி, வீட்டுவசதி அமைப்புகள் எல்லாவற்றிலும் திட்டப் பிரிவு உண்டு. மகாராஷ்டிரா அரசுப் பணித் தேர்வான எம்.பி.எஸ்.சி. வழியாக உதவி நகரத் திட்ட அலுவலர் ஆகலாம். அதற்கு மராட்டியில் தப்பில்லாமல் எழுத வேண்டும், நம் பம்பாய் இந்தி அங்கே உதவாது. குடியிருப்பு உரிமைக்கு வேலை செய்யும் அமைப்புகளும் எடுப்பார்கள், சம்பளம் சுமாராக இருக்கும். பின்னால் மேல்படிப்பு வேண்டுமென்றால் தேவ்னாரில் டிஸ் (டாடா சமூக அறிவியல் கல்வி நிறுவனம்) இருக்கிறது.

நர்சிங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவள் அக்காவுக்கு அது பொருந்தியது. இவளுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, அதை உங்களிடம் சொல்லப் பயந்து என்னிடம் சொன்னாள்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரும் வாருங்கள். வீட்டை டேப் வைத்து அளந்து, கிரைண்டர், மோரி, ஏணி எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் அவளே வரைந்து கொண்டுவரட்டும். நீங்கள் உங்கள் அப்பாவின் பழைய காகிதம் எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். இந்தத் தடவை இட்லி வேண்டாம் அண்ணாச்சி, போன தடவை கொண்டுவந்ததை மாடி முழுக்கக் கொடுத்தும் மிஞ்சிவிட்டது.