கல்லூரிகள் அனுப்பும் கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு எழுதினாள். நல்ல மதிப்பெண் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் அஞ்சல் பெட்டி நாள்தோறும் நிறைகிறது. பெயரே கேள்விப்படாத கல்லூரிகள் முதல் உலகறிந்த பல்கலைக்கழகங்கள் வரை "உன்னைப் போன்ற மாணவியைத்தான் தேடுகிறோம்" என்று எழுதுகின்றன. மின்னஞ்சல்களோ இதைப்போலப் பல மடங்கு. சென்ற வாரம் மிகவும் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்ததும் என் கணவர் அதை ஊரில் இருக்கும் மாமனாரிடம் சொல்லிவிட்டார். அவர் பேத்திக்கு இடம் கிடைத்துவிட்டதாகவே எண்ணிக் கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டார். எங்கள் தெருவிலேயே இருக்கும் மகளின் தோழிக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அந்தப் பெண் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். இந்தக் கடிதங்களுக்கு என்ன பொருள்? எங்கள் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? பதில் எழுதாவிட்டால் வாய்ப்புப் போய்விடுமா?

ரா., நியூ ஜெர்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வந்திருப்பது இடம் அல்ல, விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு மட்டுமே. அந்தக் கடிதம் அச்சாகும்போது பல்கலைக்கழகத்தில் எவரும் உங்கள் மகளின் கட்டுரையைப் படித்திருக்கவில்லை, அவளுடைய ஆசிரியர்களிடம் பேசியிருக்கவில்லை, அவளை அறிந்திருக்கவும் இல்லை. அவளுடைய பெயர் ஒரு பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல் உருவாகும் விதத்தைச் சொல்கிறேன். எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, மாணவர் தேடல் சேவை என்ற ஒன்றைப் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. தேர்வுக்குப் பதிவு செய்யும்போது வீட்டு முகவரி, மின்னஞ்சல், பள்ளியில் பெற்ற சராசரி மதிப்பெண், படிக்க விரும்பும் துறை ஆகியவற்றையெல்லாம் கேட்டு, இவற்றைக் கல்லூரிகளுக்குத் தரலாமா என்று ஒரு சம்மதமும் கேட்பார்கள். தேர்வுப் பதற்றத்தில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை அதைப் படித்துப் பார்த்தா சம்மதிக்கும்? பிறகு ஒரு கல்லூரி, இன்ன மாநிலம், இன்ன ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்), இந்த மதிப்பெண்ணிலிருந்து அந்த மதிப்பெண் வரை, பொறியியலில் நாட்டமுள்ளவர்கள் என்று வடிகட்டிப் பெயர்களை வாங்குகிறது. 2019-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தியின்படி ஒரு பெயரின் விலை 47 சென்ட். அந்த ஆண்டில் ஒரு கடிதத்துக்கு ஒட்டும் அஞ்சல்தலையின் விலை 55 சென்ட்.

விருப்பம் கேட்டுத்தானே வாங்குகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்த விருப்பமும் எப்போதும் முறையாகப் பெறப்படவில்லை. பள்ளி நேரத்தில் பள்ளியே நடத்திய தேர்வுகளில் மாணவர்களிடமிருந்து பெற்ற விவரங்களை, மாநிலச் சட்டத்தை மீறிப் பகிர்ந்ததாகவும் விற்றதாகவும் நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் லெட்டிஷா ஜேம்ஸ் நடவடிக்கை எடுத்தார். 2024 பிப்ரவரியில் காலேஜ் போர்டு 7,50,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 2,37,000-க்கும் மேற்பட்ட நியூயார்க் மாணவர்களின் விவரங்கள் இப்படிச் சென்றிருந்தன.

கல்லூரிகள் ஏன் இவ்வளவு செலவு செய்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது தெரிந்தால்தான் கடிதத்தின் பொருள் விளங்கும். இந்த அஞ்சல் முறையை வளர்த்தவர்களில் ஒருவரான பில் ராயல், அதற்கு முன் அரசியல்வாதிகளின் தேர்தல் பிரச்சாரத்துக்காக வீடுகளுக்குக் கடிதம் அனுப்பும் தொழிலில் இருந்தவர். வாக்காளருக்கு எழுதத் தெரிந்த கை மாணவருக்கும் எழுதியது. வர்ஜீனியாவில் அவர் தொடங்கிய நிறுவனத்தை 2014-இன் இறுதியில் வேறொரு நிறுவனம் 85 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது என்பதிலிருந்தே இந்தத் தொழிலின் பரப்பை அறியலாம்.

பெயரறியாத சிறு கல்லூரிகளுக்கு இடங்களை நிரப்பியாக வேண்டும். அமெரிக்காவில் 2007-இல் 43 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. அதன் பிறகு பிறப்பு பெரும்பாலும் குறைந்தே வந்திருக்கிறது. அந்த ஆண்டில் பிறந்தவர்கள் இப்போது பள்ளியை முடித்துவிட்டார்கள். இனி வரும் வகுப்புகள் சிறியவை. ஆகவே அந்தக் கல்லூரிகள் எழுதுவதில் ஓர் உண்மையான தேவை இருக்கிறது. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னை வருத்துவது மற்ற வகைதான். பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஒருவரைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத பல்கலைக்கழகங்களும் பல்லாயிரம் பேருக்கு எழுதுகின்றன. விண்ணப்பங்கள் பெருகினால் சேர்க்கை விகிதம் குறையும். குறைந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பு கூடியதாக ஊர் எண்ணும். யூஎஸ் நியூஸ் இதழ் வெளியிடும் கல்லூரித் தரவரிசையின் கணக்கில் 2018 வரை சேர்க்கை விகிதத்துக்கும் ஒரு பங்கு இருந்தது. கணக்கிலிருந்து அதை நீக்கிய பிறகும் மக்கள் மனத்திலிருந்து அது நீங்கவில்லை. இடம் கிடைக்க வாய்ப்பே இல்லாத பிள்ளைகளையும் ஆசை காட்டி அழைத்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, மறுப்புக் கடிதம் அனுப்புவதை நான் தவறு என்றே சொல்வேன்.

இதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் மகன் பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கெட்டியான, வழவழப்பான அட்டை ஒன்று வந்தது. விளையாட்டரங்கின் படம், நடுவில் ஒரு வீரரின் முதுகு, அவருடைய சட்டையில் எண்ணுக்கு மேலே என் மகனின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. ஒவ்வோர் அட்டையிலும் பெயரை மாற்றி அச்சிடும் இயந்திரத்தின் வேலை அது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அதைத் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தான். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கிருந்து மறுப்பு வந்தது. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்புறம் ஏன்ப்பா என்னைக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஓராண்டுக்கு முன்னாலேயே அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இப்படி அனுப்புகிறார்கள், இதனால் இவர்களுக்கு இன்ன லாபம் என்று அவனிடம் பேசியிருக்க வேண்டும். பெருமையில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

உங்கள் மகளின் தோழியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, கடிதத்தில் என் மனம் நின்றது அங்கேதான். அவள் சம்மதம் தராமல் விட்டிருக்கலாம். அல்லது பள்ளியில் நடந்த, எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வை மட்டும் எழுதியிருக்கலாம். அந்தத் தேர்வை எழுதியவர்களுக்கு இப்போது கனெக்‌ஷன்ஸ் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. அதில் மாணவி தானே விரும்பிச் சொன்னாலொழிய அவளுடைய பெயர் கல்லூரிக்குப் போகாது. கடிதம் வராததற்கும் அவள் அறிவுக்கும் தொடர்பே இல்லை. ஜிப் கோடு, மதிப்பெண் போன்ற வடிகட்டிகளால் ஏழை மாணவர்களும் கறுப்பின, லத்தீனோ மாணவர்களும் பெருமளவில் பட்டியலுக்கு வெளியே நிற்க நேர்கிறது என்பதைக் கரீனா சாலசார், ஓசன் ஜாக்கெட் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். யாருக்குக் கல்லூரியைப் பற்றி வீட்டில் சொல்ல ஆள் இல்லையோ, அவர்களுடைய அஞ்சல் பெட்டிதான் காலியாகக் கிடக்கிறது.

பதில் எழுதாவிட்டால் வாய்ப்புப் போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கடிதத்தின் பின்னால் இருக்கும் அட்டையை நிரப்பி அனுப்பாததால் உங்கள் மகளின் இடம் போய்விடாது. ஆனால் சில கல்லூரிகள், மாணவர் தம்மிடம் எவ்வளவு ஆர்வம் காட்டினார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எந்தக் கல்லூரி எடுக்கிறது, எது எடுப்பதில்லை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் அது இருக்கும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. அழகான அட்டையைப் பார்த்த கையோடு அந்தப் பக்கத்தையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். செலவைத் தெரிந்துகொள்ள, 2011 அக்டோபர் முதல் கூட்டரசின் உதவித்தொகை பெறும் கல்லூரிகள் தம் தளத்தில் வைத்தாக வேண்டிய நிகரச் செலவுக் கணிப்பான் இருக்கிறது. உங்கள் வருமானத்தைக் கொடுத்தால், நீங்கள் ஏறத்தாழ எவ்வளவு கட்ட நேரும் என்று அது சொல்லும். சில கடிதங்களில் விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடியும் வரும். ஏற்கெனவே விரும்பிய கல்லூரி என்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை என்பதற்காகவே விண்ணப்பிக்க வேண்டாம். கல்லூரி வேலைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதும் நல்லது. இல்லையென்றால் பள்ளியிலிருந்து வரும் முக்கியமான செய்தி இந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

வந்த கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அந்தத் தோழியையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, பெட்டியை இருவர் முன்னாலும் வைத்துவிடுங்கள். நான் மேலே எழுதியதை இருவருக்கும் சேர்த்தே சொல்லுங்கள். பிடித்த கல்லூரி ஒன்றை அந்தப் பெண் அதில் கண்டால், அந்தக் கல்லூரியின் தளத்தில் விவரம் கேட்கும் படிவத்தில் தன் பெயரை எழுதினால் போதும். அதே போன்ற கடிதங்கள் அவள் வீட்டுக்கும் வரத் தொடங்கும்.