மழையில் தேர்வுக்கு வராத பிள்ளைக்கு என்ன விதி எழுதுவது?

கேள்வி: குன்னூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்களுக்குப் புதிதாகத் தன்னாட்சி கிடைத்திருக்கிறது, பாடத்திட்டத்தையும் தேர்வையும் இனி கல்லூரியே வகுத்துக்கொள்ளலாம். மாணவர் மதிப்பீட்டுக்குப் புது விதிமுறை எழுதும் வேலையை முதல்வர் என் தலையில் கட்டிவிட்டார். மழைக்காலத்தில் இன்டர்னல் தேர்வுக்கு (செமஸ்டருக்கு நடுவே கல்லூரியே வைக்கும் தேர்வு) வர முடியாதவர்களுக்கு என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மறுதேர்வு என்றால் ஆளாளுக்கு லீவு போடுவார்கள் என்கிறார்கள் மூத்தவர்கள். ஒரு கன்சல்டன்ட், எல்லாம் அடங்கிய ஃபைலைத் தயாராகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் மேடம். முதலில் அதை முடித்துவிடுகிறேன், நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் தேர்வுப் பிரிவில் இருந்த காலத்தில் மலைக் கல்லூரி ஒன்றின் விதிமுறைப் புத்தகம் என் மேஜைக்கு வந்தது. வழவழத் தாள், கலர் அட்டை, நூற்றுச்சொச்சம் பக்கம். உள்ளே ஒரு விதி: துறைமுகத்தில் ஐந்தாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டால் தேர்வு ஒத்திவைக்கப்படும். மலை உச்சியில் எந்தத் துறைமுகம்? ஏதோ கடலோரக் கல்லூரிக்கு விற்றதையே அட்டையை மாற்றி இங்கே தள்ளிவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, மூன்று கமிட்டிகள் 'பரிசீலித்து ஏற்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டிருந்தன. ஒருவர்கூடப் படிக்கவில்லை.

ரூப்ரிக் (மார்க் போடும் அளவுகோல்), மேப்பிங் (எந்தக் கேள்வி எந்தப் பாட நோக்கத்துக்கு என்ற பட்டியல்), ப்ளூம் அட்டவணை (கேள்விகளைச் சிந்தனைப் படிநிலையில் பிரிப்பது) என்று அந்தக் கன்சல்டன்ட் ஏதாவது சொல்லி மிரட்டினால் மிரள வேண்டாம். அதெல்லாம் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் அமைப்பு கேட்கும்போது பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம், மழையில் வராத பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை அது சொல்வதில்லை.

சரி, மழைக்கு வருவோம். உங்கள் மாவட்டத்தின் சங்கடம் என்னவென்றால் ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் இரண்டு பருவமழையும் வந்துவிடுகிறது. முதல் இன்டர்னல் ஆகஸ்டில் வைத்தால் தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பிள்ளைகள் மாட்டுவார்கள். அக்டோபருக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்தது உங்கள் மூத்தவர்களுக்கே நினைவிருக்கும். அதனால் தேதியை நகர்த்திப் பார்த்துப் புண்ணியமில்லை.

ஒரே வரி எழுதுங்கள்: செமஸ்டருக்கு மூன்று தேர்வு, சிறந்த இரண்டின் சராசரி. ஒரு பெண் முதலில் 50க்கு 31, அடுத்ததற்கு வரவில்லை, அப்புறம் 38 என்றால் அந்தப் பெண்ணுக்கு 34.5. மூன்றும் எழுதியவருக்கு இருப்பதில் குறைந்தது கழிந்துவிடும். சும்மா லீவு போட்டவன் அந்தக் கழிவை அப்போதே செலவழித்துவிட்டான், நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. மூத்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அடங்குவார்கள். மறுதேர்வு, விண்ணப்பம், சான்றிதழ் எதுவும் இதற்கு வேண்டாம்.

மழையால் இரண்டு தேர்வைத் தவறவிட்டவருக்கு மட்டும் ஒரு மறுதேர்வு, ஒரே ஒரு முறை. இங்கேதான் ஆதாரம் என்ன என்ற கேள்வி வரும், இங்கேதான் எல்லாக் கல்லூரியும் சறுக்கும். 'மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாட்களில்' என்று எழுதிவிடுவார்கள். நீலகிரியில் விடுமுறை தாலுகா வாரியாக அல்லவா வருகிறது? பந்தலூர்ப் பெண் சனி ஞாயிறு வீட்டுக்குப் போகிறாள், திங்களன்று கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு விடுமுறை, நடுவட்டம் பக்கம் மரம் விழுந்து பஸ் நிற்கிறது, குன்னூரிலோ வெயில் அடிக்கிறது, தேர்வு நடக்கிறது, அவள் கணக்கில் பூஜ்யம். ஆகவே 'மாணவர் வசிக்கும் தாலுகா' என்று எழுதுங்கள், கல்லூரி இருக்கும் தாலுகா அல்ல. இன்னொன்று, உத்தரவு சில நாள் பள்ளிகளுக்கு மட்டும் என்று வரும். அதையும் ஏற்கலாம் என்று சேர்த்துவிடுங்கள், மழைக்குப் பள்ளிக்கூடம் எது காலேஜ் எது என்று தெரியாது. உத்தரவே வராமல் ரோடு மட்டும் அடைபட்ட நாள் என்றால் வருகைப் பதிவேட்டை எடுங்கள். அதே பஸ்ஸில் வருகிற மற்ற வகுப்புப் பிள்ளைகளும் அன்று இல்லையென்றால் அதுவே போதும், துறைத்தலைவர் கையெழுத்திட்டு முடிக்கலாம்.

தாசில்தார் சான்று, மருத்துவச் சான்று என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்ட மறு வாரம் வாசலில் ஒரு ஆள் முளைப்பார். தலைவலிக்கு ஒன்று, மஞ்சள் காமாலைக்கு ஒன்று என்று விலை வைப்பார். பணம் இருக்கிற பிள்ளை கட்டிவிடும், தோட்டத்தில் பச்சைக் கொழுந்து கிள்ளுகிறவர் மகள் நேர்மையாக நின்று பூஜ்யம் வாங்குவாள். இந்தத் தொழிலை வளர்ப்பதே நம் அலுவலகங்கள்தான், ஒரு தாளை நம்பாமல் அதற்கு மேல் இன்னொரு தாள் கேட்டுக் கேட்டு.

திருத்திய இன்டர்னல் தாளைப் பிள்ளைகள் கையில் காட்டி, மார்க் பட்டியலில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பட்டியலைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாணவர் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது, ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

எழுதியதை நான்கு பக்கத்துக்குள் முடித்து, பாடம், தேர்வு விதிகளை முடிவு செய்யும் அகாடமிக் கவுன்சில் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். வரும் ஜூனில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தும் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் பழைய பல்கலைக்கழக விதியிலேயே முடித்துவிட்டுப் போகட்டும்.